என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் நெஞ்சுக்குள் வைக்கும் ஷொக் மெஷின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதயத் துடிப்பு கட்டறுந்து ஓடினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைக் காக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் வைத்ததோடு வேலை முடிந்தது என்பதுபோல் எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை.

என் தங்கையின் கணவருக்கு நாற்பத்து மூன்று வயது. மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மை. மெஷின் வைத்த அடுத்த சிறுபோகம், உச்சி வெயிலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவரை அது மூன்று தரம் அடித்தது. "நாம்பன் மாடு நெஞ்சில உதைச்ச மாதிரி மச்சான்" என்றார். நெஞ்சின் மேல் தட்டு வைத்து அடிக்கும் 200 ஜூலோடு பார்த்தால் இது 40 ஜூலுக்குள்தான். கம்பி இதயத்துக்குள்ளேயே இருப்பதால் அது போதும். அடி வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? மனிசன் வயல் வட்டைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கிளினிக்கில் ஏசுவார்கள் என்று இரண்டு மாதம் மறைத்தும் வைத்தார். இரண்டு நாள் குளிசை போடவில்லை, அதுதான் பயம்.

பிறகு மெஷினைக் கணினியில் பார்த்த டொக்டர், மூன்றும் வீண் அடி என்றார். வேலை மும்முரத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 170ஐத் தாண்ட, மெஷின் அதை ஆபத்தென்று எடுத்துவிட்டது. எத்தனை துடிப்பில் விழிக்க வேண்டும், எத்தனை செக்கன் பொறுக்க வேண்டும், அடிக்கு முன் நோவில்லாத சிறு தூண்டல்களால் அடக்கிப் பார்க்கலாமா என்பதெல்லாம் கத்தி வைக்காமல் வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை. 2012இல் வெளியான, இந்த மெஷின் வைத்தவர்கள் பற்றிய மடிட்-ரிட் ஆய்வில் 1500 பேர். அவர்களில் மெஷின் விழிக்கும் எல்லையை 200க்கு உயர்த்தியவர்களிடம் வீண் சிகிச்சை வெகுவாகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது. அதற்காக எல்லோருக்கும் 200 வைக்கவும் முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அதற்குமுன் ஆபத்தான துடிப்பு வராதவர்கள்; 150, 160லேயே மயங்கி விழுந்த ஒருவருக்கு அந்த எல்லை பொருந்தாது.

மச்சானின் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்றுதான் இருந்தது. முதல் நாளே அதை ஒருவர் வாசித்திருக்கலாம்.

அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள். ஒரு அடி விழுந்து உடம்பு சுகமாக இருந்தால் நேரத்தையும் செய்த வேலையையும் குறித்துக்கொண்டு கிளினிக்குக்கு அறிவிக்க வேண்டும். அடுத்தடுத்து விழுந்தாலோ மயக்கம், நெஞ்சுநோ வந்தாலோ உடனே 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். மச்சான் அன்று வரம்பிலேயே குந்தியிருந்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி