சிக்னலில் அணைக்கலாம், மலை இறக்கத்தில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிக்னலில் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யத்தான் அதிக பெட்ரோல் போகும் என்று சேலத்தில் இன்னமும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். கார்புரேட்டர் வண்டிக் காலத்துப் பேச்சு அது. இப்போதுள்ள இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைப்பதுதான் லாபம், சின்ன கார்கூட நின்ற இடத்திலேயே மணிக்கு அரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூடும். டெல்லி அரசு 2020-லேயே இதற்கென்று பிரசாரம் நடத்தியது. ஐந்து ரோடு பக்கம் சிவப்பு விளக்கில் மாட்டினால் யோசிக்க என்ன இருக்கிறது? பச்சை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டால் பின்னாலிருக்கும் பஸ்காரர் ஹாரன் அடிக்க மாட்டார் (அடிப்பார், அது வேறு கதை). பேட்டரி வீக்கான வண்டி என்றால் மட்டும் அணைக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆனால் இதே மிச்சக் கணக்கை ஏற்காடு மலைப்பாதையிலும் சிலர் போடுகிறார்களே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாக இறுகிவிடும், பவர் ஸ்டீரிங்கும் கனத்துப்போகும், சாவியைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீரிங்கே பூட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் இதில் மிச்சம் ஒன்றும் கிடையாது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தானாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும், அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, வேகமும் கட்டுக்குள் இருக்கும். இறக்கம் தொடங்கும் இடத்தில் இதை நாலு வரியில் பெரிய பலகையாக எழுதி வைக்க நெடுஞ்சாலைத் துறையினர் ஏற்பாடு செய்யலாம்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்