டைட்டானிக் பாட்டியும் நீயும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்பாசமுத்திரத்தில் நானும் அம்மாவும் நலம். அன்றைக்குப் போனில் நீ பேசியதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆற அமர எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முப்பத்தைந்து வயசு தாண்டியதும் அண்ணி வேஷத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள், இந்த வருஷம் அதுவும் குறைந்துபோச்சு, சும்மா இருக்க முடியாமல் படம் வரைகிறேன் என்று சொன்னாய். வரைவதை வேலையற்றவர் வேலை மாதிரி நீ சொன்னதுதான் மனசைப் பிசைந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராகவே காலம் கழித்தவன் அல்லவா நான்.

டைட்டானிக் படத்தில் பழைய கதை சொல்லும் நரைத்த பாட்டி ஞாபகம் இருக்கிறதா? குளோரியா ஸ்டூவர்ட் என்று பெயர். 1910-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1932-ல் யுனிவர்சல் சினிமாக் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ‘தி இன்விசிபிள் மேன்’ படத்தில் கதாநாயகி. அதே 1933-ல் ஹாலிவுட் நடிகர்களுக்கென்று சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் நாயகன் பக்கத்தில் அழகாக நிற்கிற வேஷங்களே அதிகம் வந்தன. 1946-க்குப் பிறகு பல வருஷம் சினிமாவே இல்லை. அப்போது அவருக்கும் உன் வயசுதான்.

அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காகிதத்தில் படங்களை வெட்டி, மேஜை நாற்காலிகளில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி விற்றார். அப்புறம் எண்ணெய் வண்ணத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு வரைந்தார். 1961-ல் நியூயார்க்கில் ஹாமர் கேலரியில் தனிக் கண்காட்சி வைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்ததுதான். எழுபது வயசு தாண்டியபின், 1983-ல், வார்டு ரிச்சி என்ற பேர்பெற்ற அச்சுக்கலைஞரிடம் அச்சுத்தொழில் கற்றார். சின்ன வயசில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ட்ரெடில் அச்சகத்துக்கு உன்னைக் கூட்டிப் போவேனே, அந்த மாதிரி வேலை. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிக் கோர்த்து, மை தடவி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து சாய்ந்தாலும் பிரித்துத் திரும்பக் கோர்க்க வேண்டும். கண்ணும் முதுகும் போய்விடும் அந்த வேலையில். எழுத்துக் கோர்க்கிற நம் ஊர் கம்பாசிட்டர்கள் அறுபதில் ஓய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் அந்த வயசையெல்லாம் தாண்டித்தான் ஆரம்பித்தார். தானே எழுத்துக் கோர்த்து, தானே படம் போட்டு, புத்தகங்களைக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடித்தார். அந்தப் புத்தகங்கள் இன்றைக்குப் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

டைட்டானிக் படப்பிடிப்பின்போது அவருக்கு எண்பத்தாறு. நூறு வயசுக் கிழவியாகத் தெரிய மேக்கப் போட்டு இன்னும் வயசைக் கூட்ட வேண்டியிருந்ததாம். படத்தில் முதன்முதலில் அந்தப் பாட்டியைக் காட்டும்போது சக்கரத்தில் மண்பாண்டம் வனைந்துகொண்டிருப்பார், கவனித்துப் பார். எண்பத்தேழு வயசில் ஆஸ்கருக்கு அவர் பெயர் போனது. விருது வேறொருவருக்குக் கிடைத்தது. ஆனால் 1933-ல் அவரும் சேர்ந்து ஆரம்பித்த அந்த நடிகர் சங்கமே அவருக்கு விருது கொடுத்தது, நடிகை கிம் பேசிங்கரோடு பகிர்ந்து. 2010-ல் நூறு வயசு முடித்துத்தான் காலமானார்.

ஊர் உலகம் அந்த டைட்டானிக் படத்தைத்தான் பேசுகிறது. எனக்கு நடுவில் இருந்த அத்தனை வருஷங்களும்தான் பெரிசு. ஒரு கேமராவும் பார்க்காத காலத்தில் அந்தக் கை ஓயவில்லையே, மக்கா.

அவருக்குக் கணவர் சினிமாக் கதாசிரியர். வீட்டுக் கவலை அவ்வளவாக இருந்திருக்காது. உனக்குச் சென்னை வாடகை இருக்கிறது. அதனால் நடிப்பை விடு என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணி வேஷம் வந்தால் போய் நன்றாக நடி. வராத நாளில் காலையிலேயே குளித்துவிட்டு, ஷூட்டிங் போகிற மாதிரி நேரத்தோடு படத்துக்கு முன்னால் உட்கார். மத்தியானம் தூங்கி எழுந்து மிச்ச நேரத்தில் வரைவது வேண்டாம்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா, திருப்புடைமருதூர் கோயிலுக்குப் போவோம். கோபுரத்துக்குள்ளே சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம். குதிரைகளைக் கப்பலில் ஏற்றி வருகிற காட்சி ஒன்று உண்டு, அதை நீ பார்த்தே ஆக வேண்டும். அந்த ஓவியன் கோடுகளை எவ்வளவு துணிச்சலாக இழுத்திருக்கிறான் தெரியுமா! உள்ளே இருட்டாக இருக்கும், டார்ச் எடுத்துக்கொள்வோம்.

நீ வரைந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் மாறிவிடும், பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடு. வரைந்து முடிக்காததையும் அனுப்பு, வாத்தியார் கண்ணுக்கு அதுதான் வேண்டும். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் பஸ் பார்சலில் போட்டிருக்கிறாள், கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா