ஓடைத் தண்ணீரும் அரை எச்.பி. மோட்டாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தோட்டக்கலைக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், வீட்டை ஒட்டி ஓடும் ஓடையிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். "தாராளமாக எடுக்கலாம், சின்ன மோட்டார் ஒன்று போட்டால் போதும்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. மோட்டார் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அந்த வரியைப் படித்துவிட்டு வருகிறவர்களால் எனக்கு வியாபாரம்தான். ஆனாலும் அந்தப் பதில் பாதிப் பதில் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓடை நம் வேலி ஓரமாகப் போகிறது என்பதற்காக அதில் ஓடும் தண்ணீர் நம்முடையது ஆகிவிடாது. எடுத்துப் பயன்படுத்தும் உரிமைதான் நமக்கு. அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்கிற 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, இயற்கையான ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் குடிக்க, வீட்டுக்குப் புழங்க, ஆடு மாடுகளுக்குக் காட்டத் தண்ணீர் எடுக்கலாம் என்கிறது. அந்த நிலத்துக்குப் பாய்ச்சவும் செய்யலாம், ஆனால் அதே உரிமை உள்ள மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரக் கூடாது. வருடம் முழுக்க ஓடாமல் மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடையும் இதில் சேர்த்தி. இதற்கெல்லாம் மேலே, ஆறு ஓடைகளின் நீரை ஒழுங்குபடுத்தும் அரசின் உரிமையை அதே சட்டம் கைவைக்காமல் விட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் வரை பொதுவாக உரிமம் தேவையில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு அது ஏராளம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கதையே வேறு. அங்கே பல மாநிலங்களில் கரையில் நிலம் இருப்பது கணக்கில் வராது, முதலில் எடுக்கத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. வாஷிங்டன் மாநிலத்தில் தோட்டத்துக்காக ஓடையிலிருந்து கொஞ்சம் எடுப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் நாளிதழை வெளிநாட்டில் இருந்தும் படிக்கிறார்கள். ஒரே வரிப் பதில் அவர்களில் யாரை எங்கே கொண்டுபோய் விடுமோ!

அப்புறம், நிலம் உண்மையிலேயே ஓடையைத் தொடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். நடுவில் ஒரு கீற்றுப் புறம்போக்கு இருந்தாலும் கரைக்காரர் என்ற பேச்சே அடிபட்டுப் போகும். வரைபடத்தைப் பார்க்காமல் குழாய் வாங்க வருகிறவர்களே அதிகம். எல்லை எது என்று கேட்டால் "அதோ அந்த மரம் வரைக்கும்" என்பார்கள்.

எங்கள் தொழிலில் சட்டத்தைவிட நான் அதிகம் பார்ப்பது கோடைச் சண்டைகளைத்தான். செடி வாடி நமக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படுகிற மாதத்தில்தான் ஓடையில் தண்ணீர் மிகவும் குறைவாக இருக்கும். கரை நிரம்பி ஓடும்போது யார் எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை, அப்போது தோட்டத்துக்கும் தேவையில்லை. கீழ்ப்பக்கத்துக்காரர் ஒருவர் என் கடைக்கே வந்து, "அண்ணே, மேலே நீங்க மாட்டிக் கொடுத்த மோட்டார் ஓடுற நேரமெல்லாம் எங்க பக்கம் குட்டை இறங்கிடுது" என்று முறையிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கணக்குப் போட்டால் தெரியும்.

நூறு சதுர மீட்டர் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெயில் நாளில் 5 மில்லிமீட்டர் அளவு நீர் கொடுத்தால் 500 லிட்டர் ஆகிறது. இதை இரவும் பகலுமாக 24 மணி நேரத்துக்குப் பரப்பி எடுத்தால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் கீழேதான் வரும், ஓடைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுகிற ஒரு அரை எச்.பி. மோட்டார் அதே 500 லிட்டரைக் கால் மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். கோடையில் சின்ன ஓடையில் நொடிக்கு ஒரு லிட்டர்தான் ஓடுகிறது என்றால், அந்தக் கால் மணி நேரமும் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நம் குழாய்க்குள் போகிறது. கீழே குட்டை இறங்காமல் என்ன செய்யும்? மீன் குஞ்சுகள் ஒதுங்கியிருப்பதும் அந்த ஆழமில்லாத ஓரங்களில்தான்.

எனவே மொத்தம் எவ்வளவு எடுக்கிறோம் என்பதைப் போலவே எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மோட்டார் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஓட்டத்தை அளந்து வரச் சொல்வேன். தண்ணீர் கல்லிலிருந்து விழுகிற இடத்தில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். பத்து நொடி என்றால் நொடிக்கு ஒரு லிட்டர். அவ்வளவு குறைவு என்றால் மோட்டாரே வேண்டாம். மேட்டிலிருந்து மெல்லிய குழாயில் தானாக வழிந்து ஒரு தொட்டி நிரம்பட்டும், தொட்டியிலிருந்து பாய்ச்சிக்கொள்ளலாம். மேடு இல்லையென்றால் வாளியில் மொண்டு ஊற்றுவது கேவலமில்லை. ஆனால் குறுக்கே மணல் மூட்டை போட்டுத் தேக்குவது மட்டும் கூடாது. பெரும்பாலான இடங்களில் அது தனிக் குற்றம், மழை வந்தால் நம் கரையே அறுத்துக்கொண்டு போகும்.

சரி, எல்லாம் பார்த்து, அனுமதியும் கேட்டு, மோட்டார்தான் என்று முடிவானால் சில விஷயங்கள். மோட்டாரைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. உறிஞ்சும் உயரம் கணக்குப்படி பத்து மீட்டர் சொச்சம், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டரைத் தாண்டினால் திணறும். அதற்காக வெள்ளம் ஏறும் இடத்திலும் வைக்கக் கூடாது. உறிஞ்சு குழாயின் அடிமுனையில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வைச் சேற்றில் கிடத்தாமல் ஒரு தட்டைக் கல்லின் மேலே தூக்கி நிறுத்தி, சுற்றிலும் நுண்ணிய வலை கட்ட வேண்டும். என்னிடம் பழுதுக்கு வருகிற இம்பெல்லர்களில் (மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பாதி மணலால் தேய்ந்தவை, மிச்சத்தில் இலைச் சக்கை சுற்றியிருக்கும். ஒருமுறை ஃபுட் வால்வைக் கழற்றியபோது உள்ளே விரல் நீள மீன் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து வலை இல்லாமல் நான் மாட்டிக் கொடுப்பதில்லை. ஈரக் கரையில் மின்சாரம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமலும் மாட்டுவதில்லை. பெட்ரோல் எஞ்சின் வைப்பவர்கள் எண்ணெய் ஊற்றுவதைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் தெளிவாகத் தெரிந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. மேலே மாடு இறங்கியிருக்கலாம், யாருடைய வயலுக்கோ அடித்த மருந்து முதல் மழையோடு கழுவி வந்திருக்கலாம். மழை அடித்த மறுநாள் எடுக்காமல் விடுவது நல்லது. பச்சையாகத் தின்கிற கீரை, கொத்தமல்லி மேலே இந்தத் தண்ணீரைத் தெளிக்காமல் வேரில் விட வேண்டும். பச்சைப் பாசி ஏடு மாதிரி மிதந்தால் தொடவே வேண்டாம். சொட்டு நீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் 120 மெஷ் (நுண்ணிய கண்ணுள்ள வலை) ஃபில்டர் போட்டு அதை அடிக்கடி கழுவாவிட்டால், சொட்டுவாய்கள் அடைத்து ஒரு வரிசை காயும், பக்கத்து வரிசை அழுகும். இன்னொன்றும் கட்டாயம். ஓடைக் குழாயையும் வீட்டுக் குடிநீர்க் குழாயையும் எந்த இடத்திலும் இணைக்கக் கூடாது. "நடுவில் வால்வு இருக்கிறதே" என்பார்கள். வால்வு என்றாவது ஒருநாள் கசியும்.

உங்கள் தோட்டக்கலை நிபுணரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், செடியைப் பற்றி அவர் எழுதுவதை வாரா வாரம் படிக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அடுத்த இதழில் விரிவாக ஒரு பதில் போட்டால் நன்றாக இருக்கும். ஓடையிலிருந்து எடுக்க யாரிடம் எழுதிக் கேட்பது, கோடையில் தடை அறிவித்தால் எங்கே பார்ப்பது என்று ஒரு நீர்வள அதிகாரியிடமே கேட்டு வெளியிடுங்கள். கீழ்ப்பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, எந்த நேரத்தில் மோட்டார் போடுவது என்று பேசி வைத்துக்கொள்ளும்படியும் எழுதுங்கள். அதற்கு அதிகாரி தேவையில்லை.

இப்படிக்கு,
மோட்டார் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்