மாமாவுக்கு, அரிசோனாவிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அத்தையும் நலமா?

புது டிவியில் பழைய கௌபாய் படம் போட்டால் சீரியல் மாதிரி தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு டிவியில்தான். அந்தப் படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்படி எடுத்தவை. டிவி தானாகவே இடையிடையே புது ஃபிரேம்களைச் செருகி வழவழப்பாக்கிவிடுகிறது. பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ என்று வருவதை அணைத்துவிட்டு, ‘சினிமா’ மோடில் வையுங்கள்.

கருப்புப் பட்டை தெரிகிறதே என்று ‘ஜூம்’ மட்டும் போடாதீர்கள். சினிமாஸ்கோப் படம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம். திரையை நிரப்பினால் பக்கங்களில் கால்வாசி போய்விடும். துப்பாக்கிச் சண்டையில் ஒருவன் இந்த ஓரம், இன்னொருவன் அந்த ஓரம் நிற்பான். ஓரங்களோடு இருவரும் திரையிலிருந்து வெட்டுப்பட்டால் நடுவில் மிஞ்சுவது புழுதிதான். 1939-இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ போன்ற அகலம் குறைந்த பழைய படங்களுக்கு இடமும் வலமும் பட்டை வரும், அதுவே சரி.

இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலில்தான் எடுத்தார்கள். வெயிலில், லென்ஸுக்குள் ஒளியைக் குறைத்து, கலர் படமென்றால் நீலச் சாயல் ஏற்றிவிடுவார்கள். பிரைட்னஸைக் கூட்டினால் குதிரையின் காலடியில் வெயில் நிழல் பளிச்சென்று தெரிந்து இரவே கெட்டுவிடும்.

படத்துக்கு அகலம் எதற்கு என்பது இந்த ஊர் வெளியைப் பார்த்தால் விளங்கும். மானுமென்ட் வேலி, அரிசோனா–யூட்டா எல்லையில் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். சமதரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிவரை செங்குத்தாய் எழும் பாறைகள். இரும்புத் துரு ஏறிய சிவப்பு. காற்று வறண்டிருப்பதால் எவ்வளவோ தள்ளியிருக்கும் பாறையின் விளிம்பும் கூர்மையாகத் தெரியும். இயக்குநர் ஜான் ஃபோர்டு 1956-இல் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் இதையே டெக்சாஸ் என்று காட்டினார். நவஹோக்களைக் கமான்சிகளாக நடிக்கவைத்தார். மண்ணுக்குரியவர்களை அவர்கள் மண்ணிலேயே வேறு இனத்தின் பெயரில் எதிரியாக நிறுத்தியது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ‘டெக்சாஸ் 1868’ என்று எழுத்து வந்து மறையும். இருட்டு வீட்டுக்குள்ளிருந்து கதவு திறக்கும். வாசலில் நிழலுருவாய் ஒரு பெண், அவளுக்கு அப்பால் வெயில் காயும் பாலைவெளி. கதவைச் சுற்றியுள்ள இருட்டு கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் பிரைட்னஸை இரண்டு மூன்று புள்ளி இறக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்