புளிய இலையையும் தடுத்த உங்களுக்கு நன்றி

பாலக்கோடு பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும், ஒகேனக்கல்லிலிருந்து வந்து போன மீனவ அண்ணனுக்கும் வணக்கம்.

மாசி, பங்குனி கழிந்து வேம்பும் புங்கனும் தளிர்த்துவிட்டன. வீட்டுக்குப் பின்னால் மரங்கள் கவிந்த மீன் குட்டையில் இலை விழாமல் நிழல்வலை கட்டியதால், இந்த வருஷம் ஒரு மீன்கூடச் செத்து மிதக்கவில்லை. யார் யாரால் இது நடந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மீனவ அண்ணன். வந்தவர் போனவர் எல்லாம் "மரத்தை வெட்டிப் போடுங்க, தொல்லை விட்டது" என்றபோது, "நிழல் போனால் சித்திரை வெயிலில் தண்ணி கொதிக்கும்" என்று தடுத்தவர் அவர் ஒருவர்தான். விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை என்றார். அடியில் அழுகும் இலை தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். இரவில் பாசியும் சேர்ந்து இழுக்கும். அதனால்தான் விடியும் நேரத்தில் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. மருந்துச் செலவு அதோடு மிச்சம்.

வலை கட்டியதும் அவர் யோசனைப்படிதான். குட்டை முழுவதையும் மூட வேண்டாம், மரக்கிளை கவிந்த பக்கம் மட்டும் போதும் என்றார். தட்டையாகக் கட்டினால் நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடும், இலை அங்கேயே ஊறிச் சாறு இறங்கும். அதனால் நடுவில் உயரமாகக் கயிறு இழுத்து, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவு விட்டோம். விழுந்த இலை வழுக்கிக் கரைக்கு வந்தது. மூடாத பக்கத்தில் காலி பாட்டில்கள் கட்டிய கயிறு ஒன்று மிதந்தது. காற்று தள்ளும் இலையெல்லாம் அதில் வந்து தேங்கும். மூழ்குவதற்குள் அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேம்பு, புங்கன் இலை நின்றது. ஆனால் புளிய இலை நிழல்வலைக் கண்ணில் மாவு சலித்தாற்போல இறங்கியது! தையல்கடை அக்காதான் வழி கண்டார். வீடு வீடாகக் கிழிந்த கொசுவலைகளை வாங்கி, ஒட்டுப் போட்டு, புளியமரத்தடிக்கு இரண்டாவது அடுக்காகத் தைத்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்குத் திட்டினார்.

வலை ஓரத்தில் சிக்கிய சாரைப் பாம்பை, அடிக்க விடாமல் வலையைக் கத்தரித்து விடுவித்த தம்பிக்குத் தனி நன்றி. அப்புறம்தான் ஓரங்களை இழுத்துக் கட்டினோம்.

தக்காளித் தோட்டத்து மாமா அடிச்சேற்றை அள்ள ஆள் கூட்டி வந்தார், சேற்றையும் இலையையும் எருக்குழிக்கு அவரே ஏற்றிக்கொண்டார். "லாபம் எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே மதியச் சாப்பாட்டையும் அவர் வீட்டிலிருந்தே வரவழைத்தார். இவரிடம் கணக்குப் பேசி ஜெயிக்க முடியாது.

பள்ளிக்கூடம் போகுமுன் கம்புவலையால் இலை அள்ளிய பிள்ளைகளே, செந்தூரா மாங்காய் பழுக்கட்டும், கூடையோடு வாருங்கள்.

வலையைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன். கிணற்றுக்கோ தொட்டிக்கோ வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள். ஆடிக்காற்றுக்கு முன்னால் மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.