ஒரே ஊருக்கு மூன்று சான்றிதழ்

அன்புள்ள முத்துக்குமார்,

உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி போனில் சொன்னாள். வாக்கரைத் தூக்கிப்போட அவசரப்படாதே.

மகள் கஜகஸ்தான் தலைநகரில் படிப்பை முடித்துவிட்டாள். அழைத்துவரப் போயிருந்தேன். இப்போது ஒரு சிக்கல். 2018இல் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் ஊர் அஸ்தானா. நடுவில் வந்த மதிப்பெண் பட்டியல்களில் நூர்-சுல்தான். பட்டத்தில் மறுபடியும் அஸ்தானா!

"கஜகஸ்தான் ரஷ்யாதானே?" என்று முன்பு கேட்டாய். சோவியத் பத்திரிகையின் வழவழத் தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்ட நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ஆடுமாடுகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைக்குள் தள்ளியதில் வந்த பஞ்சத்தில் அங்கே பத்து லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1989 கணக்கெடுப்பில் கஜாக்குகள் சொந்த மண்ணிலேயே நூற்றுக்கு 40 பேர்தான்; ரஷ்யர்களும் ஏறக்குறைய அவ்வளவு.

கஜகஸ்தானின் முதல் ஜனாதிபதி நூர்சுல்தான் நஸர்பாயேவ் உருக்காலைத் தொழிலாளியாக இருந்து கட்சித் தலைமைக்கு வந்தவர். சோவியத் யூனியன் உடையக் கூடாதென்று பார்த்தவர். கடைசிக் குடியரசாக, 1991 டிசம்பர் 16இல்தான் விடுதலையை அறிவித்தார்கள். இனச் சண்டையில் யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்த நேரம் அது. கஜாக் அரசு மொழியாக இருந்தாலும் ரஷ்ய மொழியை அவர் ஆபீஸை விட்டு விரட்டவில்லை. சோவியத் உடைந்தபோது கைக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுகுண்டுகளை வேண்டாமென்று ரஷ்யாவுக்கு அனுப்பினார். 1997இல் தலைநகரை அல்மாட்டியிலிருந்து, ரஷ்யர்கள் அதிகமிருந்த வடக்குப் பக்கம், அக்மோலாவுக்கு மாற்றினார். அக்மோலா என்றால் 'வெள்ளைக் கல்லறை' என்பார்கள். அந்தக் குளிருக்குப் பொருத்தமான பெயர்தான். மறுவருடமே அதை அஸ்தானா ஆக்கினார். அர்த்தம் 'தலைநகரம்', அவ்வளவே. எந்தச் சாதிசனமும் சண்டைக்கு வர முடியாத பெயர். அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2018இல் அந்த ஊரின் பைத்தெரெக் கோபுரத்தின் உச்சியில் அவருடைய உள்ளங்கை அச்சைத் தங்கத்தில் பார்த்தேன். ஜனங்கள் வரிசையில் நின்று அதில் கைவைத்தார்கள். நானும் வைத்தேன், மறைப்பானேன். மறுவருடம் பதவி விலகினார். அடுத்த நாளே ஊருக்கு அவர் பெயரை வைக்க முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2011இல், சுதந்திர தினத்தன்றே, மேற்கே எண்ணெய் எடுக்கும் ஊரான ஜனாஒசெனில் வேலைநிறுத்தம் செய்த எண்ணெய்த் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டது. 2022 ஜனவரியில் அதே ஊரில் கேஸ் விலைக்காகத் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவியது. தால்திகொர்கான் நகரில் நஸர்பாயேவ் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். "ஷால், கேத்!" என்று கோஷம், "கிழவா, போ!" என்று. ரஷ்ய மொழியில் அல்ல, கஜாக்கில். கத்தியவர்களில் பாதிப் பேர் அவர் கட்டிய பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அந்த செப்டம்பரில் ஊர் மறுபடி அஸ்தானா ஆனது.

அதனால்தான் கேட்கிறேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவன் நீ. மூன்றும் ஒரே ஊர்தான் என்று அஃபிடவிட் எப்படி எழுதுவது? உனக்குத் தெரிந்த நோட்டரி இன்னும் உட்காருகிறாரா?

அன்புடன்,
செல்வம்