அந்த வண்டிக்கு ஏலம் கேட்காதே

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் தேவலை. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் தவறுதான். நேற்று அரை நாள் விடுப்பெடுத்து, பூந்தமல்லிக்கு அப்பால் வங்கி பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்தியிருக்கும் யார்டுக்குப் போய், நீ சொன்ன வெள்ளைக் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதை வாங்காதே.

அங்கே ஓட்டிப் பார்க்க விடுவதில்லை. ஸ்டார்ட் செய்து மட்டும் காட்டினார்கள். சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போயிற்று. டிங்கர் மாமா சொல்லித் தந்தபடி பானெட்டைத் திறந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டின் போல்ட்டுகளில் பெயின்ட் பெயரவில்லை. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை விலக்கியபோது தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளும் வரிசை குலையாமல் இருந்தன. அடிபடாத வண்டி என்று மகிழ்ந்து உன்னை அழைக்கக் கைபேசியைக்கூட எடுத்துவிட்டேன்.

பிறகுதான் ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். மேலே புதிது போலிருந்த பட்டையில், சுருளுக்குள்ளிருந்து வந்த கடைசி ஒரு முழம் முழுவதும் பழுப்பேறி, விரலால் தேய்த்ததும் வண்டல் மாவாக உதிர்ந்தது. அந்தச் சுருள் கதவுத் தூணின் அடியில் இருப்பதால் வெள்ளம் ஏறும்போது சீக்கிரமே நனைந்துவிடும். வண்டியைக் கழுவி மினுக்குகிறவர்கள் அதுவரை போவதில்லை. சீட்டுக்கடியில் டார்ச் அடித்தால் சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன, ஸ்டெப்னி குழியின் மூலையிலும் அதே வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கூரை மட்டும் தெரிய நின்ற கார்கள் என் கண்முன் வந்தன.

தண்ணீரில் நின்ற வண்டி உடனே படுத்துவிடாது. வயரிங் கனெக்டர்கள் மெல்ல மெல்ல அரித்து, மாதங்கள் கழித்து ஏதோ ஓர் இரவில் நடுவழியில் நிறுத்திவிடும். ஏர்பேக்கை இயக்கும் கருவியும் பெரும்பாலும் கியர் கன்சோலுக்கடியில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வண்டியில் உன் மகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போகப் போகிறாய் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிற்று.

இது உள்ளது உள்ளபடியே விற்கும் ஏலம். நீ கேட்டு எடுத்துவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது. எடுத்தபின் வேண்டாமென்றால் ஏலத்தில் சேரக் கட்டிய டெபாசிட்டும் போய்விடும். மூன்று படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டினாய் என்பதில் எனக்கு உன்மேல் வருத்தமுண்டு. நிறத்தில் மயங்கும் பழக்கம் உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள் காலத்திலிருந்தே போகவில்லை! நீ ஏலம் கேட்காமல் இருந்துவிட்டால் டெபாசிட் திரும்ப வரும் என்று அங்கேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்த ஏலத்துக்கு வரும் வண்டிகளை வியாழக்கிழமை பார்க்க விடுகிறார்கள். புதன் இரவு பஸ் ஏறி வந்துவிடு. டிங்கர் மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்